புதிதாகத் தூண்டில் போட ஆரம்பிக்கிறேன், பக்கத்திலேயே நன்னீர் இடம் எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுத்தூண்டில்

எல்லோருக்கும் வணக்கம். நான் இருக்கும் இடத்திலிருந்து கடல் ரொம்பத் தூரம். ஏரி, குளம், ஆறு இவைதான் கதி. ராடும் ரீலும் வாங்கியாயிற்று, முடிச்சுப் போடவும் பழகிவிட்டேன். எங்கே போய்ப் போடுவது என்பதுதான் தெரியவில்லை. வீடியோக்களில் எல்லோரும் பெரிய அணைக்கட்டில் நின்று கை நீள மீனைத் தூக்கிக் காட்டுகிறார்கள், இடத்தை மட்டும் சொல்வதில்லை. இணையத்தில் தேடினால் அரை நாள் பயணம் போகிற இடங்களாகவே வருகின்றன. வேலை முடிந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிற மாதிரி இடம் வேண்டும். நீங்கள் எல்லாம் உங்கள் இடங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கரைவாசி

முதலில் அந்த அணைக்கட்டு வீடியோக்களை மூடுங்கள் நண்பரே. பெரிய நீர்த்தேக்கத்தில் மீன் இருக்கும், எந்தப் பக்கம் இருக்கும் என்பதுதான் கேள்வி. அவ்வளவு தண்ணீரில் உங்கள் தூண்டில் எட்டுவது கரையோரத்தில் ஒரு கீற்று. அதோடு, ஆழமான அணைகளில் வெயில் காலத்தில் மேலே சூடான தண்ணீரும் கீழே குளிர்ந்த தண்ணீருமாக அடுக்கு பிரிந்துவிடும். அடி அடுக்கில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், மீன் நடுவில் ஏதோ ஓர் ஆழத்தில் நிற்கும். படகும் சோனாரும் (ஒலியால் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) வைத்திருப்பவர்களின் ஆட்டம் அது. ஆரம்பிக்கிறவருக்குச் சின்னத் தண்ணீர்தான் சரி. எதிர்க்கரையில் நிற்பவரின் முகம் தெரிகிற அளவு இருந்தால் போதும்.

தேடுவதற்கு வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பெயர் போட்ட ஏரிகளை ஊரே பார்த்திருக்கும். பெயரில்லாத கரும்பச்சைத் திட்டுகளைக் கவனியுங்கள். வெட்டவெளியில் மரவரிசை ஒன்று வளைந்து வளைந்து போனால் அடியில் பெரும்பாலும் ஓடை இருக்கும். நெடுஞ்சாலை, ரயில் பாதை ஓரமாகச் சதுரம் சதுரமாகத் தெரிபவை பல நேரம் மண் எடுத்த பள்ளங்கள்.

கணினியில் கூகுள் எர்த் போட்டால் பழைய தேதிப் படங்களும் கிடைக்கும். கோடையில் எடுத்த படத்திலும் அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம், 1984 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை வைத்து உலகம் முழுமைக்கும் ஒரு நீர்ப்பரப்பு வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. இலவசம்தான். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு ஒரு நிறம், வந்து வற்றும் இடத்துக்கு வேறு நிறம். ஒரு புள்ளி 30 மீட்டர் என்பதால் குட்டைகள் தெரியாது, ஓரளவு பெரிய குளம் தெரியும். வற்றாத குளமாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரால்பித்தன்

வற்றும் குளம் என்றால் மீனே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். விராலும் சில வகைக் கெளுத்திகளும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், ஈரச் சேற்றிலேயே நாள் கடத்தும். அப்புறம் புதுவெள்ளம் வாய்க்கால் வழியாக வரும்போது மற்ற மீன்களும் கூடவே ஏறிவிடும். குளம் வற்றுமா என்று கேட்பதைவிட, அது எந்த ஆற்றோடு, எந்த ஏரியோடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். வரைபடத்தில் வாய்க்காலைப் பின்தொடர்ந்து மேலே போனால் விடை கிடைத்துவிடும்.

கரைவாசி

உண்மைதான், ஆனால் இவர் இன்னும் முதல் மீனே பிடிக்கவில்லை. விராலை நம்பி உட்கார வைத்தால் அடுத்த வாரமே ராடை விற்றுவிடுவார். முதலில் கெண்டைக் குஞ்சு, ஜிலேபி (திலாப்பியா) என்று ஏதாவது அடிக்கடி கடிக்கிற தண்ணீர் வேண்டும்.

ஆற்றங்கரை_அக்கா

தம்பி, வரைபடத்தில் குறித்ததும் ராடைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் யாருடையது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. வேலி போடாத குளம் என்றால் பொதுக் குளம் என்று அர்த்தமில்லை. கரை ஒருவருடையது, தண்ணீர் இன்னொரு துறையுடையது, மீன்பிடி உரிமை மூன்றாவது ஆளிடம் குத்தகையில் என்று இருக்கும். குத்தகை எடுத்தவர் தன் கைக்காசில் குஞ்சு விட்டு வளர்த்திருப்பார். அங்கே போய்ப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டு தூண்டில் போட்டால் அவர் கோபப்படத்தான் செய்வார். குடிநீருக்கு எடுக்கும் ஏரி, பறவைகளுக்காக ஒதுக்கிய நீர்நிலை, காப்புக்காட்டுக்குள் வரும் ஓடை, இவற்றையெல்லாம் பட்டியலிலிருந்து முதலிலேயே அடித்துவிடுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பொதுவாகப் பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறினால்தான் உரிமம். இங்கிலாந்தில் 13 வயதானாலே உரிமம் வேண்டும், ஆறுகளில் கெண்டை வகை மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடவே கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் தனி. நீங்கள் எங்கே இருந்தாலும் அந்தப் பகுதி மீன்வளத் துறையின் பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: உரிமம் வேண்டுமா, எந்த மாதங்களில் தடை, எந்த மீனுக்குக் குறைந்தபட்ச அளவு. பல துறைகள் பொதுமக்கள் மீன் பிடிக்கலாம் என்று அனுமதித்த நீர்நிலைகளின் பட்டியலையும் அங்கேயே போட்டிருக்கும். நீங்கள் தேடுகிற பதில் பாதி அதிலேயே கிடைக்கலாம்.

அப்புறம், முதல் தடவை ராடு இல்லாமல் போங்கள். கையில் தூண்டிலோடு வருகிற புது ஆளைப் பார்த்தால் கரையில் இருப்பவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். சும்மா நடக்க வந்தவரிடம் ஊர்க்கதை முழுக்கச் சொல்வார்கள்.

மழைமேகம்

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? இங்கே இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு இடத்தை வரைபடத்தில் குறித்துப் போட்டால் வேலை முடிந்தது. புதியவர்களுக்கு உதவத்தானே இந்த இழை?

நெட்டித்தக்கை

மழைமேகம், பெரிய ஏரிகளின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், அது ஊருக்கே தெரிந்தது. சின்னக் குளத்தின் இடத்தைப் பொதுவில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து பேர் தாங்குகிற கரையில் நூறு பேர் வந்து நின்றால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். அறுந்த தூண்டில் நரம்பு புதரெல்லாம் சிக்கிக் கிடந்தது, ஒரு கொக்கின் காலில் அது சுற்றியிருந்தது. கடைசியில் நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். அத்தனை வருடம் ஒழுங்காக வந்துபோனவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வேலி.

நேரில் பழகிய பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது வேறு. அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

மழைமேகம்

இதெல்லாம் இடத்தைத் தங்களுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லும் சாக்கு. குப்பை போடுகிறவன் இழை படித்துவிட்டா வருகிறான்?

நெட்டித்தக்கை

சாக்காகவே இருக்கட்டும். ஆனால் இடத்தைச் சொன்னாலும் புது ஆளுக்குப் பிரயோஜனம் குறைவு என்பதுதான் என் கட்சி. குளத்தில் எந்த மூலை, எவ்வளவு ஆழம், எந்த நேரம் என்று தெரியாவிட்டால் நல்ல குளத்திலும் வெறுங்கைதான். தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தால் எந்தக் குளத்துக்கும் போகலாம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கரைக்குப் போனதும் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். துருவமுனைக் கண்ணாடி (போலராய்டு என்று கேட்டால் கிடைக்கும்) போட்டால் மேற்பரப்பின் கூசல் அடங்கி அடி தெரியும். நீர்க்காகம் முங்கி முங்கி எழுகிறதா, மீன்கொத்தி ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அவை சும்மா வராது. ஆழமில்லாத தெளிந்த தண்ணீரில் தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகச் சுத்தம் செய்த பள்ளங்கள் தெரிந்தால் அது ஜிலேபி கூடு. கலங்காத தண்ணீரில் ஒரு இடத்தில் மட்டும் சேறு எழும்பிப் பொடிக் குமிழ்கள் கொத்துக் கொத்தாக வந்து, அப்படியே நகர்ந்துகொண்டே போனால் அடியில் கெண்டை மேய்கிறது. ஒரே இடத்தில் நின்று வருகிற குமிழ் வெறும் சேற்று வாயு, அதை நம்பி உட்காராதீர்கள்.

அடுத்தது ஆழம் பார்ப்பது. கருவி எதுவும் வேண்டாம். முள்ளில் கொஞ்சம் கனமான ஈயக்குண்டைக் கோத்துக்கொள்ளுங்கள், தக்கையை முள்ளிலிருந்து ஒரு மீட்டர் மேலே வைத்து வீசுங்கள். ஈயம் தரைக்குப் போகும்போது தக்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முங்கினால் அங்கே ஒரு மீட்டருக்கும் மேல் ஆழம். தக்கையை இன்னும் ஒரு சாண் மேலே தள்ளி மறுபடி வீசுங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் நரம்பு மிச்சம் இருக்கிறது, கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கும் அளவு வந்ததும் முள்ளிலிருந்து தக்கை வரை உள்ள நீளம்தான் அந்த இடத்தின் ஆழம். இப்படியே வலமும் இடமுமாக வீசிப் பார்த்தால், சமதளமாகப் போகிற அடி எங்கே சட்டென்று இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த இறக்கத்தின் விளிம்பில்தான் மீன் வந்து போகும். பார்த்துவிட்டுச் சற்று நேரம் விட்டுப் பிறகு இரை போடுங்கள், ஈயம் விழுகிற சத்தத்தில் விலகிப் போயிருக்கும்.

விரால்பித்தன்

நல்ல பதிவு. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒன்று உருண்டை மாதிரி மேலே வந்து வந்து போனால் பக்கத்திலேயே தாயும் தகப்பனுமாக விரால் காவல் நிற்கும். எதைக் காட்டினாலும் பாயும். பிடிப்பது சுலபம் என்பதாலேயே நான் அங்கே போடுவதில்லை. பெரியதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் முடித்துவிடும்.

அதிகாலைக்காரன்

இடம் எதுவாக இருந்தாலும் விடியற்காலையில் போங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

நெட்டித்தக்கை

எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது அண்ணே. ஓடும் தண்ணீருக்கும் திறந்த ஏரிக்கும் விடியற்காலை நன்றாக இருக்கும். பாசியும் செடியும் அடர்ந்த குளத்தில் கதை வேறு. செடிகள் பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அவையும் சுவாசித்து அதைத் தின்றுவிடும். அதனால் அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில்தான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் திணறுகின்றன. அன்றைக்குத் தூண்டில் போடுவதே பாவம். அந்த மாதிரிக் குளத்தில் பின்மதியமும் சாயங்காலமும்தான் மேல். இவருக்கும் சாயங்காலம்தானே வசதி.

வெயில் காலத்தில் இது இன்னும் கடுமை. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதனால்தான் கோடையில் தண்ணீர் வந்து விழும் இடம், காற்று அடித்துக் கரையில் அலை மோதும் பக்கம், மர நிழல் என்று தேடச் சொல்கிறோம். காற்று மிதக்கும் பூச்சியையும் குப்பையையும் அந்தக் கரைக்குத்தான் ஒதுக்கும், அதன் பின்னாலேயே சிறுமீன் வரும். முகத்தில் காற்று அடிக்கிற பக்கம் உட்காருவது கஷ்டம்தான், வீசவும் சிரமம், ஆனாலும் மீன் அங்கேதான்.

பாறைமடு

குளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆற்றுக்கும் இரண்டு வார்த்தை. வளைவில் வெளிப்பக்கம் ஆழம், உட்பக்கம் மணல். பாறைக்கும் பாலத் தூணுக்கும் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுழலும் இடத்தில் மீன் அலுப்பில்லாமல் நின்று, ஓட்டம் கொண்டுவருவதைப் பொறுக்கித் தின்னும். அந்த ஓட்டமும் சுழலும் சந்திக்கும் கோட்டில் போடுங்கள்.

அணைக்குக் கீழே, தடுப்பணை ஓரத்தில் மீன் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது நிஜம்தான். ஆனால் மேலே ஷட்டரைத் திறந்தால் வெயில் காய்கிற நாளிலும் சில நிமிடத்தில் தண்ணீர் ஏறிவிடும். ஆற்று நடுவே பாறையில் போய் உட்காராதீர்கள். தடுப்பணையில் தண்ணீர் விழும் அடிவாரத்தில் இறங்கவே கூடாது, அங்கே தண்ணீர் உருண்டு உள்ளேயே இழுக்கும், நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கஷ்டம். கைவிட்ட கல்குவாரிகளும் அப்படித்தான், பார்க்க அழகு, கரை என்று ஒன்று கிடையாது, காலை வைத்தால் நேரே ஆழம்.

தலைக்கு மேலே மின்கம்பி போகிற கரையையும் விட்டுவிடுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

தொட்டிமீன்

எனக்கு வேறு கவலை. பக்கத்தில் இருக்கிற தண்ணீர் என்றால் பாதி சாக்கடை கலந்ததுதான். இதில் பிடித்ததை என்ன செய்வது?

ஆற்றங்கரை_அக்கா

நல்ல கேள்வி. கழிவு வந்து கலக்கும் வாய் தெரிந்தாலோ, பச்சைப் பெயிண்ட் கொட்டினாற்போல் மேலே படலம் மிதந்தாலோ, செத்த மீன் ஒதுங்கியிருந்தாலோ அந்த இடமே வேண்டாம். அந்தப் பச்சைப் படலம் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம், அதில் சில வகை நஞ்சு விடும், தண்ணீர் நக்கிய நாய் செத்துப்போவது உண்டு. சுமாரான தண்ணீர் என்றால் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், தின்ன வேண்டாம். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும். தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவதும் சுலபம், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபம்.

கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொண்டு போங்கள். எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீர் வழியாகத்தான் பெரும்பாலும் வரும். மீன் பிடித்த சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் தண்ணீரில் நின்றதையும் சொல்லுங்கள்.

புதுத்தூண்டில்

அக்கா, அண்ணன்மார்கள் எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி வரைபடத்தைத் துழாவினேன். பத்து வருடமாக இதே இடத்தில் இருக்கிறேன், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு குளம் இருப்பதே தெரியாது. கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

இரண்டு இடம் தேறியிருக்கிறது. ஒன்று அந்தக் குளம். நீளவாக்கில் இருக்கிறது, ஒரு முனையில் வாய்க்கால் வந்து விழுகிறது, எதிர்முனையில் மதகு. பாதிப் பரப்பில் அல்லி. ராடு இல்லாமல் போய்ப் பார்த்தேன், ஒரு பெரியவர் கையால் சுற்றும் நரம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் போதும், தூண்டிலுக்குத் தடை இல்லை, வலைதான் கூடாது என்றார். அலுவலகத்தில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். இன்னொன்று கொஞ்சம் தள்ளி, ஆற்றுப் பாலத்துக்குக் கீழே. அங்கே யாரிடம் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.

கட்டணம் வாங்கும் மீன்குளம் ஒன்றும் இருக்கிறது. அங்கே போனால் மீன் நிச்சயம் என்கிறார்கள். போகலாமா?

கரைவாசி

கட்டணக் குளத்துக்கு ஒரு நாள் போவதில் தப்பில்லை. கடி எப்படி இருக்கும், எப்போது இழுக்கவேண்டும், ரீலின் பிடியை எவ்வளவு தளர்த்துவது என்பதெல்லாம் மீன் வந்தால்தான் கைக்குப் பழகும். ஆனால் நெருக்கமாக விட்டு, தீவனம் போட்டுப் பழக்கிய மீன் அது. இடம் தேடும் பாடம் அங்கே கிடைக்காது. ஒரு தடவை போய்க் கையைப் பழக்கிவிட்டு உங்கள் குளத்துக்கு வந்துவிடுங்கள்.

நெட்டித்தக்கை

அல்லிக்குள் போடாதீர்கள், முள்ளெல்லாம் தண்டுக்குத்தான் போகும். அல்லி முடிகிற விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். ரீல்கூட வேண்டாம், நுனியில் நரம்பு கட்டிய நாலு மீட்டர் கழித்தூண்டில் போதும். சத்தமில்லாமல் ஒரே இடத்தில் இரையை இறக்கலாம். முள் 12ஆம் எண், கடிக்கிற மீன் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் 10. எண் கூடக்கூட முள் சிறிது, வாங்கும்போது மாறிவிடப் போகிறது. மண்புழுவை முழுதாகக் கோக்காமல் துண்டாக்கி, வால் ஆடுகிற மாதிரி விடுங்கள்.

மழைமேகம்

சரி, அந்தக் குளம் எங்கே என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் என் வீட்டுப் பக்கமும் வரைபடத்தில் பார்த்தேன், மரவரிசை ஒன்று வளைந்து போகிறது. ஓடையாக இருக்குமா, வெறும் வரப்பா?

கரைவாசி

வரப்பு என்றால் நேராகப் போகும், அப்படி நெளியாது. கோடைப் படத்திலும் அந்த வரிசை மட்டும் பச்சையாக இருந்தால் போய்ப் பார்க்கலாம்.

புதுத்தூண்டில்

சனிக்கிழமை சாயங்காலம் குளத்துக்குப் போகிறேன். மதகுப் பக்கமா, வாய்க்கால் விழுகிற பக்கமா? பெரியவர் உட்கார்ந்திருந்தது மதகுப் பக்கம்.

நெட்டித்தக்கை

மதகுப் பக்கம்தான் ஆழம் இருக்கும், அவர் பெரிய மீனுக்குக் காத்திருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் அந்தப் பக்கம் போங்கள், சின்ன மீன் அங்கேதான் கூட்டமாக இருக்கும். ஓட்டம் நின்றிருந்தால் மதகுப் பக்கமே வாருங்கள். பெரியவருக்குப் பக்கத்திலேயே உட்காராமல், அவர் நரம்பு போகிற திசையைப் பார்த்துத் தள்ளி உட்காருங்கள். உட்காரும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.